முதலாளிக்கு ஒரு ஸ்டூல்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி. எழுந்து நில் என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இருந்தால் பெயரைச் சொல், அவர்களுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் துக்கம் இல்லை அக்கா, கோபம். பேனாவை எடுத்தாலே திட்டத்தான் வருகிறது. சரி, திட்டியே எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் இதை நம் சர்ச் நண்பர்களின் ஷேர் மார்க்கெட் வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். உன் கடையைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அங்கேதான். இதுவும் அங்கேயே கிடக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். லிங்கராஜபுரம் மெயின் ரோட்டு சூப்பர்மார்க்கெட்டில் நீ பதினோரு வருஷம் பில் போட்டாய். நான்காம் கவுண்டர். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் கம்பெனி அது, பங்குச் சந்தையில் அதன் ஷேர் கிடைக்கும். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தபடி, சம்பளத்தில் மிஞ்சியதை எல்லாம் அந்த ஷேரில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் நீ. ஒருத்தி அந்தக் கடையில் நின்றாள், ஒருத்தன் அந்தக் கடையை வாங்கினான்.

ரீடெயில் கம்பெனி ஷேர் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கறிக்கையைப் படித்தால் மட்டும் போதாது, கடைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பார்கள். வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது, ட்ராலியில் என்ன கிடக்கிறது, எந்த ரேக் காலி, பில் போட எவ்வளவு நேரம் ஆகிறது, இதையெல்லாம் பார்த்து வந்து குழுவில் எழுதுவார்கள். எனக்கு அந்த அலைச்சலே இல்லை. கடையே வீட்டுக்கு வந்து, ஹாலில் பாயை விரித்து, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தது.

ஞாபகம் இருக்கிறதா? காலை ஷிஃப்ட் முடிந்து நீ வந்ததும் முதலில் அதைத்தான் செய்வாய். காலில் நரம்பெல்லாம் நீலமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். நான் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பேன்.

"இன்னிக்குக் கூட்டம் எப்படிக்கா?"

"ஐயோ, அரிசி ரேக் வரைக்கும் லைனு. யூரின் போகக்கூட நகர முடியலடா."

"எத்தனை கவுண்டர் ஓப்பன்?"

"மூணு. மீதி மூணுக்கு ஆளே போடலயே, எங்க ஓப்பன் பண்றது?"

எனக்கு வாயெல்லாம் பல். ஒரு சனிக்கிழமை நான் குழுவில் எழுதியதை நேற்று தேடி எடுத்தேன். அப்படியே தருகிறேன்: 'சனிக்கிழமை மாலை. ஆறு கவுண்டரில் மூன்றுதான் திறந்திருக்கிறது. வரிசை அரிசி ரேக் வரை. குறைந்த ஆட்கள், நிறைந்த விற்பனை. தைரியமாக வாங்கலாம்.' அதற்குக் கீழே எத்தனை கட்டைவிரல் என்று கேட்காதே. ஆறு பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் தலையில் கட்டியதை நான் நல்ல செய்தி என்று எழுதினேன், படித்தவர்கள் எல்லாரும் சபாஷ் போட்டார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி நீ. உன் வாயிலிருந்து பிடுங்கி, உன் காலை விட்டுவிட்டு, மீதியை எழுதினேன். என் மேல்தான் எனக்கு முதல் கோபம் அக்கா. மற்றவர்களுக்கெல்லாம் அப்புறம் வருகிறேன்.

உன் பிறந்த நாளுக்கு நான் கொடுத்த பரிசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சேலை எடுத்துத் தருவேன் என்று நீ நினைத்தாய். நான் உன் பெயரில் ஒரு டீமேட் கணக்குத் திறந்து, உன் கம்பெனி ஷேரையே கொஞ்சம் வாங்கிப் போட்டேன். போனில் காட்டி, "இனிமே நீ வேலைக்காரி இல்லக்கா, முதலாளி" என்றேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்தாய். அப்புறம் சொன்னாய், "அப்போ முதலாளிக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லுடா அவங்கள."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் நீ சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் உனக்கு மெமோ வந்ததே, அந்தக் கதை. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் நீ ஒரு எண்ணெய் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாய். கேமராவில் பார்த்துவிட்டார்கள். 'வாடிக்கையாளர் பார்வையில் படும்படி அமர்ந்திருந்தது' என்று தேதி, நேரம் போட்டு ஒரு காகிதம். யாரையாவது ஏமாற்றினாயா, திருடினாயா? உட்கார்ந்தாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தபோது இந்த மடையன் என்ன சொன்னேன்? "முதலாளிக்கே மெமோவா?" என்றேன். அந்த மாதம் ஷேர் விலை நன்றாக ஏறியிருந்தது, எனக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த இறுக்கமான காலுறையை நீ இரண்டு வருஷம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். அந்தப் புதன்கிழமை காலை செருப்பை மாட்டக் குனிந்தவள் "மூச்சு வாங்குதுடா சேவி" என்றாய். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். என்ன வேலை பார்த்தார்கள் என்று அவரே கேட்டார். சொன்னேன். "அதனாலதான் ஆச்சுன்னு நான் எழுதித் தர முடியாது" என்றார். "ஆனா கால் இந்த நிலைமைல இருக்கறவங்கள தினம் ஒன்பது மணி நேரம் நிக்க வெச்சிருக்கக் கூடாது." அவர் எழுதித் தராததை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மெயில். அனுதாபம் முதல் வரியில் இருந்தது, மறைக்க மாட்டேன். இரண்டாவது வரியில் அடையாள அட்டையையும் இரண்டு யூனிஃபார்மையும் துவைத்து ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். துவைத்து. என் மகள் ரீட்டா அதைப் படித்துவிட்டு, அழுதுகொண்டே உன் யூனிஃபார்மை சோப்புப் போட்டு அலசினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசை நடந்த வாரத்தில் கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. லாபம் கூடியிருந்தது. ஆள் செலவைக் கட்டுக்குள் வைத்ததே காரணம் என்று டிவியில் ஒரு கோட்டுக்காரர் விளக்கினார். ஷேர் அதுவரை தொடாத உயரத்தைத் தொட்டது. பூசை முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால் குழுவில் எனக்கு வாழ்த்து மேல் வாழ்த்து. 'சேவியர் அண்ணே, அன்னிக்கே சொன்னீங்க.' ஆமாம், அன்றைக்கே சொன்னேன். உன் பெயரை ஃபாதர் பீடத்திலிருந்து வாசித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அப்போதுகூட நான் விற்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. எனக்குச் சூடு வந்தது ஓசூரில்.

ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓசூர் போயிருந்தேன். பழக்க தோஷம், அங்கே இருந்த நம் கம்பெனிக் கடைக்குள் நுழைந்தேன். அதே பச்சை போர்டு, அதே பாட்டு, அதே ஆஃபர். பில் கவுண்டர் பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பில் போடுகிற பெண் உட்கார்ந்திருந்தாள் அக்கா. ஸ்டூலில். பக்கத்துக் கவுண்டரிலும் ஸ்டூல். அதற்கடுத்ததிலும். "எப்பலேர்ந்தும்மா இது?" என்று கேட்டேன். "சட்டம் வந்ததுலேர்ந்து சார். தமிழ்நாட்டுல கடையில வேலை செய்றவங்களுக்கு உட்கார இடம் குடுத்தே ஆகணும்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போலச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் அத்திபெலேயில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கேயும் ஒரு கிளை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், நம் ஊர் இருக்கிற கன்னட மாநிலத்தில். அதே கம்பெனி, அதே போர்டு, அதே கவுண்டர் மேஜை. பில் போடுகிற மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கிருந்த மேனேஜரிடம் கேட்டேன். "அது அந்தப் பக்கத்து ரூல் சார், நமக்கு அப்படி ஒண்ணும் வரலையே" என்றார். அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. அதற்குள் காலுக்கு வலிக்காமல் போய்விடுமா? ஸ்டூல் வாங்கக் காசு இல்லை என்று இல்லை, எப்படிச் செய்வது என்று தெரியாமலும் இல்லை. செய்தே ஆக வேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, அதனால் செய்யவில்லை. இத்தனை வருஷம் ஸ்டூல் போட இடமில்லை, கஸ்டமர் தப்பாக நினைப்பார்கள் என்று உனக்குச் சொன்னார்களே, ஓசூர்க் கஸ்டமர் தப்பாக நினைக்கவில்லையா? பஸ் ஸ்டாப்பில் நின்று நான் வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் பூ விற்ற அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

நாமினியாக என்னைப் போட்டிருந்ததால் உன் ஷேரும் என் பெயருக்கு வந்திருந்தது. கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேச நான் பெயர் கொடுத்தேன். இப்போதெல்லாம் அது வீடியோவில்தான் நடக்கிறது. ஷேர் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே பதிவு செய்தால் மூன்று நிமிஷம் பேசலாம். லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். உன் படத்தைக் கேமராவில் தெரிகிற மாதிரி ரீட்டா பின்னால் வைத்தாள்.

எனக்கு முன்னால் எட்டுப் பேர் பேசினார்கள். இந்தக் கூட்டங்களில் பேசுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உண்டு, தெரியுமா? ஒருவர் சேர்மனைத் தெய்வம் என்றார். ஒருவர் ஆண்டறிக்கையின் அட்டை வழவழப்பாக இருப்பதற்கு நன்றி சொன்னார். ஒருவர் ஷேர் வைத்திருக்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு டிஸ்கவுன்ட் கூப்பன் கேட்டார். சேர்மன் எல்லாருக்கும் தலையாட்டிச் சிரித்தார். யாரிடமும் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை.

என் முறை வந்தது. "என் அக்கா உங்கள் கம்பெனியின் கேஷியர், உங்கள் கம்பெனியின் பங்குதாரர். இரண்டுமாக இருந்து செத்துப்போனாள்" என்று ஆரம்பித்தேன். ஓசூரில் பார்த்ததைச் சொன்னேன், அத்திபெலேயில் பார்த்ததைச் சொன்னேன். "ஒரே கம்பெனியில் இங்கே ஸ்டூல், அங்கே மெமோ, ஏன்?" என்று கேட்டேன். "தயவுசெய்து நிகழ்ச்சி நிரலுக்கு உட்பட்டுப் பேசுங்கள்" என்றது ஒரு குரல். ஆள் செலவு குறைந்ததை ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் போட்டுப் பாராட்டியிருக்கிறீர்களே, அது நிரலில் இருக்கிறது, அதைத்தான் பேசுகிறேன் என்றேன். பேசிக்கொண்டே இருந்தேன். ரீட்டா என் தோளைத் தொட்டு, "மியூட் பண்ணிட்டாங்கப்பா" என்றாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. திரையில் பத்தாவது ஆள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சேர்மன் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். கூப்பன் பரிசீலிக்கப்படுமாம். "இருக்கை பற்றி ஒரு நண்பர் கேட்டார், ஒவ்வொரு மாநிலத்திலும் அங்கங்கே உள்ள சட்டப்படிதான் நடக்கிறோம்" என்றார். அவ்வளவுதான் அக்கா. அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் ஜோசப் அண்ணன் பிடித்துக்கொண்டார். குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். "அவ்வளவு கோபம் இருந்தா வித்துட்டுப் போயேன் சேவி. வெச்சுக்கிட்டே திட்டுறது எந்த ஊரு நியாயம்?" என்றார். சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஷேரில் வந்த காசில்தான் நம் வீட்டு மாடிப்படிக்குக் கிரில் போட்டேன். மூன்று நாள் யோசித்தேன். விற்பதற்கு விரல் வரைக்கும் போனது.

விற்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். வேலை பார்த்த வரைக்கும் உன்னைக் கேட்கவிடவில்லை. வாடிக்கையாளன் கேட்டால் வேறு கடைக்குப் போ என்பார்கள். ஷேர்காரனை மட்டும்தான் மூன்று நிமிஷமாவது பேசவிட்டாக வேண்டும். அதையும் கைமாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டால் எனக்கு வலிக்காது, அவர்களுக்கும் வலிக்காது.

இனி போன சனிக்கிழமை நடந்தது. நேராக உன் கடைக்குப் போனேன். மாடியில் வீட்டுச் சாமான் பகுதியில் நம் கம்பெனியே தன் பெயர் போட்டு விற்கிற பிளாஸ்டிக் ஸ்டூல் அடுக்கி வைத்திருந்தது. பதினோரு வருஷம் நீ அதை எத்தனை பேருக்கு பில் போட்டிருப்பாய்? ஒன்றை எடுத்துக்கொண்டு நான்காம் கவுண்டர் வரிசையில் நின்றேன். உன் இடத்தில் இப்போது பர்வீன், உன்னோடு மத்தியானச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வாளே, அவள்.

பில் போட்டு முடித்ததும் நான் ஸ்டூலைக் கவுண்டருக்கு உள்பக்கம் வைத்து, "உட்காரும்மா" என்றேன்.

பர்வீன் கேமராவைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க வெச்சுட்டுப் போய்டுவீங்க. மெமோ எனக்குத்தானே வரும்? எனக்கு வேலை போனா நீங்களா சம்பளம் குடுப்பீங்க?"

அவள் கோபமாகத்தான் சொன்னாள். ஃப்ளோர் மேனேஜர் ஓடி வந்தான், சின்ன வயசு, அவனும் நாள் முழுக்க நிற்கிறவன்தான். "சார், ஒளகடெ இடோ ஹாகில்ல சார்" என்றான், உள்ளே வைக்க அனுமதி இல்லை என்று. வாடிக்கையாளர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றான். நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். அரிசி ரேக் வரைக்கும் இருந்தது. "யாராவது தப்பா நினைக்கிறீங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன், தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம்.

எனக்குப் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மா, "கூத்கொள்ளம்மா, நமகேனு?" என்றார். உட்காரம்மா, எங்களுக்கென்ன என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் இருந்தவரும் தலையாட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், அப்புறம் போனை எடுத்துக்கொண்டு யாரையோ கேட்கப் போனான்.

பர்வீன் உட்கார்ந்தாள் அக்கா. முதலில் நுனியில், அப்புறம் சரியாக. அந்த அம்மாவுடைய பில்லை உட்கார்ந்தே போட்டாள். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. மேனேஜர் திரும்பி வந்து ஸ்டூலை எடுத்து ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டினான். பூட்டட்டும். பர்வீனுக்கு மெமோ வந்தால் அது என்னால் வந்தது, அதற்கு நான்தான் முன்னால் நிற்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு என் போன் நம்பரைக் கொடுத்து வந்தேன்.

இது குழுவுக்கு. இந்த முறை எதையும் விடாமல் எழுதுகிறேன்:

சனிக்கிழமை மாலை. லிங்கராஜபுரம் கிளை. ஆறு கவுண்டரில் மூன்றுதான் திறந்திருக்கிறது. வரிசை அரிசி ரேக் வரை. பில் போடும் மூன்று பேரும் காலையிலிருந்து நிற்கிறார்கள். ஒருத்தி மூன்று பில் வரைக்கும் உட்கார்ந்தாள். விற்பனை குறையவில்லை.

அக்கா, உன் ஷேரை நான் விற்க மாட்டேன். அதிலிருந்து வருகிற ஒவ்வொரு ரூபாயும் ஸ்டூலாகத்தான் மாறும். அந்த ஆபீஸ் ரூமில் பூட்டி வைக்க இடமில்லாமல் போகிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் வாங்குவேன். சனிக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு ஜோசப் அண்ணனும் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். குழுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் கேட்பேன். ஒருவனை மியூட் பண்ணினால் அடுத்தவன் அதே ஸ்டூலைத்தான் கேட்பான். அத்திபெலேக்கு இந்தப் பக்கம் நம் கடை ஒவ்வொன்றிலும் பில் போடுகிறவள் உட்காருகிற வரைக்கும் நான் நின்றுகொண்டிருப்பேன்.

நீ எழுந்திருக்காதே.

உன் வரிசையை எண்ணி, உன் காலைப் பார்க்காத உன் தம்பி,
சேவியர்